சலிப்பையும் மருந்தையும் ஒரே கடையில் விக்கிறார்கள்

ஓன்லைனில் பல பேரோட சேர்ந்து விளையாடுற ரோல் பிளேயிங் கேம் எதையாவது ரெண்டு மாசம் விளையாடின ஆரையும் பிடிச்சு, "உந்தக் கேமில உனக்குப் பிடிக்காதது என்ன?" எண்டு கேட்டுப் பாருங்கோ. யோசிக்க ஒரு செக்கன்கூட எடுக்காயினம். டெய்லி குவெஸ்ட். முடிவே இல்லாத கிரைண்ட். காசு கட்டினவன் முன்னுக்குப் போறது. வாளை அப்கிரேட் பண்ணப் போய் வாளே உடையிறது. கிழமைக்கு ஒருக்காத்தான் திறக்கிற கதவு. கேமுக்குக் கேம் பெயர்தான் மாறும், பட்டியல் மாறாது.

சரி, எல்லாருக்கும் பிடிக்காத ஒரு விசயம் ஏன் இருபது வருசமா அப்படியே இருக்கு?

வழக்கமா வாற பதில் ஒண்டு இருக்கு: செய்யிறவைக்கு விளையாடுறவையின்ர மனசு விளங்கேல்லை, அவை பிழை விட்டிட்டினம். இதை நான் நம்பேல்லை. எங்கட மனசு அவைக்கு நல்லாவே விளங்கும். எங்களுக்குப் பிடிக்காத அம்சங்களை ஒரே சாக்கில போட்டுக் கட்டுறதுதான் உண்மையான பிரச்சினை. அந்தச் சாக்குக்குள்ள ரெண்டு வகையான கஷ்டம் கிடக்கு. ஒண்டு, அந்த உலகம் ஒரு உலகமா இருக்கிறதால வாற கஷ்டம். மற்றது, அதிலிருந்து தப்புற வழியை எங்களுக்கு விக்கிறதுக்காகவே உண்டாக்கின கஷ்டம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காமல் நாங்கள் திட்டினதில, முதலாவது வகையைப் பறிகொடுத்திட்டு ரெண்டாவது வகையோட குடும்பம் நடத்துறம்.

முதலாவது வகைக்கு நல்ல உதாரணம் 1999இல் வந்த எவர்குவெஸ்ட். அதில செத்தால் சும்மா போகாது. சேர்த்து வச்ச அனுபவப் புள்ளிகள் குறையும், சில வேளை லெவலே இறங்கும். உடுப்பு, ஆயுதம் எல்லாம் பிணத்தோட அங்கேயே கிடக்கும். வெறுங்கையோட திரும்ப ஓடிப் போய் எடுக்க வேணும். குறிப்பிட்ட காலத்துக்குள்ள எடுக்காட்டி பிணத்தோட சேர்த்து எல்லாம் அழிஞ்சு போகும். ஆழமான டன்ஜனுக்குள்ள செத்தவன் தனியாப் போய் எடுக்கவே ஏலாது. பிணத்தை வரவழைக்கிற மந்திரம் தெரிஞ்ச நெக்ரோமான்சரைத் தேட வேணும், உயிர்ப்பிச்சு இழந்த புள்ளிகளில ஒரு பங்கை மீட்டுத் தாற கிளெரிக்கைக் கெஞ்ச வேணும். எல்லாரும் இதைத் திட்டித் தீர்த்தவை.

ஆனா அந்தக் கெஞ்சல்தான் அந்தக் கேமின் உயிர். தெரியாத ஒருத்தன் இரவில அரை மணித்தியாலம் செலவழிச்சு உங்கட பிணத்தை எடுத்துத் தந்தால் நீங்கள் அவன்ர பெயரை மறக்க மாட்டீங்கள். அதே மாதிரி, குழுவா அடிச்ச பொருளைத் தனியாச் சுருட்டிக்கொண்டு ஓடினவன்ர பெயரையும் அந்த சேர்வர் மறக்காது. அவனை அடுத்த குழுவில ஆரும் சேர்க்க மாட்டினம். ஊரில கெட்ட பெயர் எடுத்தவனுக்கு நடக்கிறது மாதிரித்தான்.

2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் இந்த வலியைக் குறைச்சது. செத்தால் ஆவியா ஓடி வந்து உடம்பை எடுக்கலாம், புள்ளி குறையாது. அதுவரைக்கும் சரி. 2009 டிசம்பரில் டன்ஜன் ஃபைண்டர் வந்தது. ஒரு பட்டனை அமத்தினால் வேற வேற சேர்வரில இருந்து ஐஞ்சு பேரைக் கொண்டுவந்து கேமே சேர்த்து விடும். குழு தேடிக் கத்திக்கொண்டு நிக்கிற வேலை போச்சு. எல்லாருக்கும் சந்தோசம். ஆனா அந்த ஐஞ்சு பேரும் 20 நிமிசம் ஒருத்தரோட ஒருத்தர் ஒரு சொல்லுக் கதைக்காமல் ஓடி முடிச்சுப் பிரிவினம். நாளைக்குக் காணப்போறதில்லை. அப்ப ஏன் நல்லவனா இருக்க வேணும்?

2013 பிளிஸ்கொன் விழாவில ஒருத்தர் எழும்பி, பழைய வோர்கிராஃப்டை அப்படியே திருப்பித் தருவீங்களா எண்டு கேட்டார். பின்னாளில் பிளிசர்ட் நிறுவனத்தின்ர தலைவரா வந்த ஜே. ஆலன் பிராக் மேடையில இருந்து, அது வேணும் எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள், உண்மையில உங்களுக்கு அது வேண்டாம் எண்ட கருத்தில பதில் சொன்னார். ஆறு வருசம் கழிச்சு, 2019 ஓகஸ்டில், அதே நிறுவனம் வோர்கிராஃப்ட் கிளாசிக்கை வெளியிட்டது. டன்ஜன் ஃபைண்டர் இல்லாத, ஊருக்கு ஊர் நடந்து போற, மெதுவான அந்தப் பழைய உலகத்துக்குள்ள நுழைய ஆக்கள் மணித்தியாலக் கணக்கில வரிசையில நிண்டவை. கஷ்டம் வேண்டாம் எண்டு ஆரும் சொல்லேல்லை. எந்தக் கஷ்டம் எண்டதுதான் கேள்வி.

இனி ரெண்டாவது வகை.

வடிவமைக்கிறவைக்கு எங்கட மனசு எவ்வளவு துல்லியமாத் தெரியும் எண்டதுக்கு ஒரு கதை. வோர்கிராஃப்ட் பெட்டா சோதனையில் இருந்த காலத்தில, கன நேரம் விளையாடினால் கிடைக்கிற அனுபவப் புள்ளி பாதியாக் குறையிற மாதிரி வச்சிருந்தவை. ஆக்களுக்குப் பிடிக்கேல்லை, தண்டனை மாதிரி இருக்கு எண்டு கத்தினவை. பிளிசர்ட் என்ன செய்தது? கணக்கு மாறேல்லை, பெயர்தான் மாறினது. முந்தி "வழமை" எண்டிருந்ததுக்கு "ஓய்வு போனஸ் 200 சதவீதம்" எண்டு பெயர். முந்தி "பாதி" எண்டிருந்ததுக்கு "வழமையான 100 சதவீதம்" எண்டு பெயர். கத்தினவை கை தட்டினவை. இதில தீங்கு எண்டு ஒண்டும் இல்லை, கொஞ்சம் படுத்து எழும்பி வா எண்டு சொல்ற ஏற்பாடுதான். ஆனா ஒரே கணக்கை எப்படிச் சொன்னால் கோபம் வரும், எப்படிச் சொன்னால் நன்றி வரும் எண்டு அவை அண்டைக்கே படிச்சிட்டினம்.

டெய்லி குவெஸ்ட் அந்தப் படிப்பின்ர அடுத்த வகுப்பு. வோர்கிராஃப்டில அது வந்தது 2007இல். ஒரே வேலை, ஒவ்வொரு நாளும், சின்னச் சம்பளம். தொடக்கத்தில வசதியாத்தான் இருந்தது. 2012இல் மிஸ்ட்ஸ் ஒஃப் பண்டாரியா வரேக்க, நல்ல பொருள் வேணுமெண்டால் இந்த டெய்லிகளைச் செய்தே ஆக வேணும் எண்ட நிலை. 2016இல் லீஜியன் வந்து ஆயுதத்துக்குள்ளேயே நிரம்பாத ஒரு பானையை வச்சது. எவ்வளவு ஊத்தினாலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். 2020 நவம்பரில் ஷடோலாண்ட்ஸ். நாலு கூட்டணியில ஒண்டைத் தெரிய வேணும், தெரிஞ்சதோட சக்தியும் கட்டுப்படும், ஒருக்கா விட்டிட்டுப் போன கூட்டணிக்குத் திரும்பி வரக் கஷ்டப்பட வேணும். அதில முன்னேறுறதுக்கும் கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு அளவு. பூட்டு வேண்டாம் எண்டு பெட்டாவிலேயே விளையாடினவை சொல்லிப்போட்டினம். பூட்டைக் கழட்டினது 2021 நவம்பரில். புதுசா ஒண்டும் செய்யத் தேவையில்லாத, தடையை எடுத்தால் போதும் எண்ட ஒரு திருத்தத்துக்கு ஒரு வருசம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? வோர்கிராஃப்டின் மாதச் சந்தா 15 டொலர் அளவு. ஒரு மாசத்தில முடிக்கக்கூடிய கதையை மூண்டு மாசத்துக்கு இழுத்தால் சந்தா மூண்டு. கிழமைப் பூட்டு எண்டது கதை சொல்ற உத்தியாகவும் இருக்கலாம், ஆனா வருமானக் கணக்குக்கும் அது மிச்சம் பொருந்தி வருது.

நாள் கணக்கு வைக்கிற வடிவமைப்புக்குள்ள இன்னொரு அநியாயமும் ஒளிச்சிருக்கு. இருபத்துநாலு மணித்தியாலமும் கரண்ட் இருக்கிற, நெட் அறுந்து போகாத, பின்னேரத்தில ரெண்டு மணித்தியாலம் தனக்கெண்டு இருக்கிற ஒருத்தரைக் கற்பனை பண்ணித்தான் அந்தக் கணக்குப் போடப்பட்டிருக்கு. 2022 மார்ச் கடைசியில இந்த நாட்டில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. முப்பது நாள் தொடர்ந்து லொகின் பண்ணினால் பரிசு எண்டு சொல்ற கேமுக்கு அது தெரியாது. பதினேழாம் நாள் விடுபட்டால் பதினேழாம் நாள் விடுபட்டதுதான். ஃபைனல் ஃபேன்டசி 14இல் டெய்லி ரீசெட் எங்கட நேரத்துக்கு இரவு 8.30க்கு. அது சாப்பாட்டு நேரமா, சோதனைக்குப் படிக்கிற நேரமா, அம்மா கூப்பிடுற நேரமா எண்டு அந்த மணிக்கூட்டுக்கு அக்கறை இல்லை.

"அது சும்மா தாற பரிசுதானே, வேண்டாட்டி விடு" எண்டு சொல்லுறவைக்கு ஒரு செய்தி. 2023 டிசம்பர் 22 அண்டைக்கு சீன அரசு கேம்களுக்கான புது விதிகளின் வரைபை வெளியிட்டது. தினமும் லொகின் பண்ணினால் பரிசு, முதல் தரம் காசு போட்டால் பரிசு, தொடர்ந்து காசு போட்டால் பரிசு எல்லாத்துக்கும் தடை. செலவுக்கும் உச்ச வரம்பு வைக்க வேணும் எண்டிருந்தது. அண்டைக்கே ஹொங்கொங் சந்தையில ரென்சென்ட் பங்கு 12 சதவீதமளவில விழுந்தது. நெட்ஈஸ் 20 சதவீதத்துக்கும் மேல விழுந்தது. அடுத்த மாசமே அந்த வரைபு அரசின் இணையத்தளத்தில இருந்து காணாமல் போச்சு. சும்மா தாற பரிசை நிப்பாட்டச் சொன்னால் குடுக்கிறவனுக்கு லாபம்தானே வர வேணும்? முதலீட்டாளர்கள் ஏன் ஓடினவை? அந்தப் பரிசின்ர விலையை ஆர் கட்டுறது எண்டு அவைக்குத் தெரியும்.

எல்லாத்திலும் மோசமானது அதிர்ஷ்டத்தை விக்கிறது. கொரியாவின்ர மேப்பிள்ஸ்டோரியை எடுங்கோ. 2003இல் இருந்து ஓடுது, பார்க்கச் சின்னப் பிள்ளையளின்ர கார்ட்டூன் மாதிரி வடிவான கேம். 2010இல் அதில கியூப் எண்டு ஒரு பொருளை விக்கத் தொடங்கினவை. உங்கட ஆயுதத்தில இருக்கிற மூண்டு வரிச் சிறப்புகளை அது கலைச்சுப் போட்டுத் திரும்பத் தரும். நல்லது வராட்டி இன்னொரு கியூப். அதுவும் சரிவராட்டி இன்னொண்டு. அதே வருசத்திலேயே, எல்லாரும் ஆசைப்படுற சிறப்புகள் வாற வாய்ப்பை நெக்ஸன் நிறுவனம் ஆருக்கும் சொல்லாமல் குறைச்சது. 2011இல் இருந்து, மிச்சம் ஆசைப்படுற சில மூண்டு வரிச் சேர்க்கைகள் வாற வாய்ப்பைப் பூச்சியமாக்கினது. பூச்சியம். இன்னொரு கியூப்பில, தரம் உயர்ற வாய்ப்பை 1.8 சதவீதத்தில தொடங்கி, படிப்படியா 1 சதவீதம் வரைக்கும் சத்தமில்லாமல் இறக்கினது. வராத ஒண்டுக்காக ஆக்கள் பத்து வருசமாக் காசு கட்டினவை.

2021இல் விசயம் வெளியில வந்தது. விளையாடுறவை திரைப் பலகை பூட்டின லொறிகளை வாடகைக்குப் பிடிச்சு நிறுவனத்தின்ர வாசலுக்கு அனுப்பினவை. கொரியாவின் நியாய வர்த்தக ஆணைக்குழு விசாரிச்சு 2024 ஜனவரியில் 1,160 கோடி வொன்னுக்கு மேல தண்டம் போட்டது. அதே வருசம் மார்ச் 22இல் இருந்து, வாய்ப்பு வீதங்களை வெளியில சொல்லியே ஆக வேணும் எண்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது. "பேராசைப்பட்டு ஏமாந்தவன் மடையன்" எண்டு சிரிக்கிறவை கொஞ்சம் யோசிக்க வேணும். சீட்டில இல்லாத நம்பருக்கு லொத்தர் விக்கிறவனுக்கு எங்கட ஊரில என்ன பெயர்?

பெல்ஜியம் இதை 2018இலேயே நேராச் சொன்னது: காசு குடுத்து வாங்குற லூட் பொக்ஸ் சூதாட்டம், சட்டத்துக்கு விரோதம். 2022இல் டியாப்லோ இம்மோர்ட்டல் வரேக்க பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அது வெளியாகவே இல்லை. சட்டம் இருக்கிற இடத்தில விக்க ஏலாத ஒண்டை, சட்டம் இல்லாத இடங்களில எங்கட வயசுப் பொடியளுக்கு விக்கினம்.

இனி எதிர்ப்பக்கத்து நியாயங்களுக்கு வருவம்.

"சேர்வருக்குக் காசு வேணும்." ஓம், வேணும். வேலை செய்யிறவைக்குச் சம்பளமும் வேணும். அதுக்கு நேரான வழிகள் இருக்கு. கில்ட் வோர்ஸ் 2க்கு மாதச் சந்தா இல்லை. 2012இல் வரேக்க உச்ச லெவல் 80, இண்டைக்கும் 80. அந்த வருசக் கடைசியில வந்த அசென்டட் தரத்துக்கு மேல அதுக்குப் பிறகு இன்னொரு படி வரேல்லை. ரெண்டு வருசம் விட்டிட்டுத் திரும்பி வந்தாலும் உங்கட வாள் வாளாத்தான் இருக்கும். அவையும் அதிர்ஷ்டப் பெட்டி விக்கினம், அது எனக்குப் பிடிக்காது. ஆனா ஆயுதம் பழசாப் போகாமலே ஒரு கேமைப் பத்து வருசத்துக்கு மேல ஓட்டலாம் எண்டு அவை காட்டிப்போட்டினம். ஃபைனல் ஃபேன்டசி 14இன் இயக்குநர் நவோகி யோஷிடா, செய்ய ஒண்டும் இல்லாட்டி சந்தாவை நிப்பாட்டிப்போட்டு வேற கேம் விளையாடுங்கோ, புதுசா வந்தால் திரும்பி வாங்கோ எண்டு வெளிப்படையாச் சொன்னவர். அதே கேமிலதான் 45 நாள் வீட்டுக்குள்ள கால் வைக்காட்டி வீட்டை இடிக்கிற விதியும் இருக்கு. இடம் குறைவு, வரிசையில நிக்கிறவை கனபேர் எண்ட காரணம் உண்மைதான். ஆனாலும் வாயால "போய்ட்டு வா" எண்டு சொல்லிக்கொண்டு கையில வீட்டுச் சாவியைப் பிடிச்சு வச்சிருக்கிறது நல்லாவா இருக்கு?

"ரோல் பிளேயிங் எண்டாலே கிரைண்ட்தான்." கிரைண்டை நான் குறை சொல்லேல்லை. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில ஒரு திறமையை 99க்குக் கொண்டுபோக 1,30,34,431 புள்ளி வேணும். 92க்கு வந்தால்தான் பாதித் தூரம். அதை ஆக்கள் விரும்பிச் செய்யினம், ஏனெண்டால் அது இண்டைக்கே செய்யெண்டு கழுத்தைப் பிடிக்கிறதில்லை. ஒரு மாசம் விட்டாலும் அதே இடத்தில நிண்டு காத்திருக்கும். அதோட, புதுசா ஒண்டைச் சேர்க்கிறதுக்கு முன்னம் விளையாடுறவையிட்ட வாக்கெடுப்பு. முந்தி 75 சதவீதம், இப்ப 70 சதவீதம் ஆதரவு வேணும். கிரைண்ட் பிடிக்கேல்லை எண்டு நாங்கள் சொல்லேக்க, உண்மையில எங்களுக்குப் பிடிக்காதது எங்களைக் கேட்காமல் போடுற கிரைண்ட்.

"பிடிக்காட்டி விட்டிட்டுப் போ." மூண்டு வருசமா ஒவ்வொரு வெள்ளி இரவும் சேர்ந்து ரெய்ட் போன ஆக்கள் அங்க இருக்கினம். கனடாவுக்குப் போன கூட்டாளியோட கதைக்கிற இடமே சில பேருக்கு அந்தக் கில்ட்தான். அந்த உறவைப் பணயம் வச்சுத்தான் டெய்லியும் லூட் பொக்ஸும் விக்கப்படுது. ஊரில ஒரு கடைக்காரன் அநியாய விலை சொன்னால் கடையை மாத்தலாம். கூட்டாளியள் எல்லாரும் கடைக்குள்ள இருக்கேக்க எங்க போறது?

ஆனா நாங்கள் கையாலாகாத ஆக்களும் இல்லை. 2011 ஜூனில் ஈவ் ஓன்லைன், கண்ணில போடுற ஒற்றைக் கண்ணாடி ஒண்டை 60 டொலருக்கு மேல விலை வச்சு வித்தது. அதோட, பேராசை நல்லதா எண்டு தலைப்புப் போட்ட நிறுவனத்தின்ர உள் சஞ்சிகையும் கசிஞ்சது. விளையாடுறவை விண்கப்பல்களோட ஜிட்டாவில கூடி, அங்க இருந்த நினைவுச்சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தவை. சந்தாவை வெட்டினவை. ஒக்டோபரில நிறுவனத்தின்ர தலைவர் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். ரூன்ஸ்கேப்பில, தங்கம் விக்கிற பொட்டுகளை ஒழிக்கிறம் எண்டு 2007 டிசம்பரில் வைல்டர்னஸையும் 2008 ஜனவரியில் சுதந்திர வியாபாரத்தையும் எடுத்தவை. பொட்டிட்டத் தங்கம் வாங்கினதும் விளையாடுறவைதான் எண்டதையும் மறக்கக் கூடாது. பிறகு நடந்த வாக்கெடுப்பில 12 இலட்சத்துக்கு மேல வாக்கு. 2011 பெப்ரவரியில் ரெண்டும் திரும்பி வந்தது.

அதால, அடுத்த முறை ஒரு கேமில எரிச்சல் வரேக்க மூண்டு கேள்வி கேளுங்கோ. இந்தக் கஷ்டத்தில இருந்து தப்ப ஷொப்பில ஏதும் விக்கினமா? இது என்னை இன்னொரு மனிசனிட்டத் தள்ளுதா, இல்லாட்டி மணிக்கூட்டிட்டத் தள்ளுதா? ரெண்டு கிழமை விட்டிட்டு வந்தால் என்ர இடம் இருக்குமா? 2014இல் வோர்கிராஃப்டில லெவல் 90க்கு ஒரேயடியாத் தாவ 60 டொலர் வாங்கினவை. 90 லெவலும் சந்தோசம் எண்டால் அதைத் தாண்டிப் போறதுக்கு ஆர் காசு குடுப்பான்? விலைப்பட்டியலைப் பார்த்தாலே எந்த இடத்தில சலிப்பு வச்சிருக்கினம் எண்டு விளங்கும்.

எங்கட பக்கத்தில இப்ப கேம் செய்யப் பழகிற பொடியளும் பெட்டையளும் இருக்கினம். அவையிட்டயும் ஒண்டு சொல்ல வேணும். கஷ்டமான பொஸ்ஸை வையுங்கோ, தூரமான ஊரை வையுங்கோ, செத்தால் வலிக்கட்டும். டெய்லி லொகின் பெட்டியை மட்டும் வைக்காதேங்கோ. விளையாடுறவை ஒரு சின்ன வேலை செய்யலாம்: இந்தக் கிழமை ஒரு நாள், கரண்ட் இருக்கேக்க, நெட் நல்லா இருக்கேக்க, வேணுமெண்டே லொகின் பண்ணாதேங்கோ. தொடர் முறியட்டும். அடுத்த நாள் போய்ப் பார்க்கேக்க உண்மையில எதை இழந்தனீங்கள் எண்டு ஒரு பேப்பரில எழுதிப் பாருங்கோ.